கோட்டில் தோன்றும் முகம்: பினாங்கு நகர்ச் சுவர்களும் தமிழர் கோட்டோவிய மரபும்

முன்னுரை

உருவப்படம் வரைவோர் கையாளும் கருவிகளுள் மிக எளியது கோடு. வண்ணம், நிழல், பின்னணி ஆகிய அனைத்தையும் விலக்கிய பின்னரும் ஒரு முகத்தை இன்னார் முகமென்று காட்டச் சில கோடுகள் போதுமானவையாக உள்ளன. தலைப்பாகையின் வளைவு, மேல்நோக்கி முறுக்கிய மீசை, நேர் நோக்கும் இரு கண்கள் ஆகியவற்றை மட்டும் வரைந்துவிட்டால், அது பாரதியார் என்று தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவனும் சொல்லிவிடுவான். மூக்கையும் வாயையும் காதையும் வரைய வேண்டிய தேவையே எழுவதில்லை. வரையப்படாத உறுப்புகளைப் பார்ப்பவரின் நினைவு நிரப்பிக்கொள்கிறது.

இவ்வாற்றல் எங்கிருந்து பிறக்கிறது? அதனைத் தமிழர் தம் கலையில் எவ்வாறு கையாண்டனர்? பிறர் அதனைத் தமிழர்மீது எவ்வாறு கையாண்டனர்? இம்மூன்று வினாக்களையும் பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜோர்ஜ் டவுனை நடுவாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நகரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைக்கொண்ட காலந்தொட்டே தமிழர் இங்கு வாழ்ந்து வருகின்றனர். இன்று இந்நகரின் பழைய வீதிகளில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவனவற்றுள் ஒன்று, இரும்புக் கம்பியை வளைத்துச் சுவரில் பொருத்திய கோட்டு உருவங்களே. கோட்டோவியம் தாளை விட்டு வீதிக்கு வந்திருக்கும் நகரம் இது. ஆகவே கோட்டின் வரலாற்றையும் தமிழரின் வரலாற்றையும் இங்கு ஒருசேர வைத்துப் பார்க்க இயலும்.

புனையா ஓவியம்

கோட்டோவியத்தின் தன்மையைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், போர்ப் பாசறைக்குச் சென்ற அரசனைப் பிரிந்து வருந்தும் அரசியின் தோற்றத்தை நக்கீரர் வருணிக்கின்றார். அணிகலன்களைக் களைந்து, ஒப்பனையின்றிக் கிடக்கும் அவளுக்கு அவர் கொணரும் உவமை ‘புனையா ஓவியம்’ என்பது. வண்ணம் தீட்டாது வடிவத்தைக் கோட்டால் மட்டும் வரைந்த சித்திரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்கு விளக்கம் தருகின்றார். மணிமேகலையிலும் இச்சொல்லாட்சி பயின்று வருகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1956இல் வெளியிட்ட ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்னும் நூலால் இச்சொல் கலை வரலாறு பயில்வோரிடையே நன்கு அறிமுகமாயிற்று.

இவ்வுவமையில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. புலவர் புனையா ஓவியத்தை முற்றுப்பெறாத ஓவியம் என்று இகழவில்லை. அணியை நீக்கியதால் அரசியின் துயரம் மறைவின்றித் தெரிவது போலவே, வண்ணத்தை நீக்கியதால் ஓவியத்தின் உள்ளுணர்வு வெளிப்படுகிறது என்பதே உவமையின் அடிப்படை. குறைத்தல் என்பது இங்கு மிகுவித்தலாகிறது.

பழைய சுவரோவியங்களும் இவ்வுண்மையைக் காலத்தின் வாயிலாக மெய்ப்பிக்கின்றன. சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலில் வண்ணங்கள் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. எனினும் ஆடல் மகளின் நீட்டிய கையும் சாய்ந்த இடையும் இன்றும் உயிர்ப்புடன் இருப்பதற்கு எஞ்சிய கோடுகளே துணை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால வண்ணப் பூச்சின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தபோது, அறிஞரை வியக்கவைத்தவற்றுள் ஒன்று அவற்றின் வரைகோட்டின் உறுதி. சுவரோவியம் வரைவோன் முதலில் கோட்டால் உருவத்தை நிறுத்தி, அதன் பின்னரே வண்ணம் ஏற்றினான். வண்ணம் போனபின் கோடு நிலைத்தது.

நெற்றியில் எழுதிய கோடு

கோட்டின் ஆற்றல் அழகுக்கு மட்டும் பயன்பட்டது என்று கருதிவிடலாகாது. பினாங்குத் தமிழரின் வரலாற்றில் கோடு முதலில் தோன்றிய இடங்களுள் ஒன்று மனித நெற்றியே ஆகும்.

1790ஆம் ஆண்டு தொடங்கி இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டனர். வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களின் நீதிமன்றங்கள் அவர்களை அனுப்பின. சென்னை மாகாணத்தவருள் தமிழரும் இருந்தனர். காட்டை அழித்தல், சதுப்பு நிலத்தைத் தூர்த்தல், சாலை அமைத்தல், கட்டடம் எழுப்புதல் ஆகிய பணிகளில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். தொடக்ககால நகரின் உள்கட்டமைப்பில் அவர்தம் உழைப்புக்குப் பெரும்பங்குண்டு. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் இத்தண்டனை முறை 1873இல் முடிவுற்றது.

இக்கைதிகளுள் வாழ்நாள் தண்டனை பெற்றோர் பலருடைய நெற்றியில் அவர்தம் குற்றம் முதலிய விவரங்கள் பச்சை குத்தப்பட்டிருந்தன. வடஇந்திய மொழிகளில் ‘கோத்னா’ என்று வழங்கிய இவ்வழக்கம், வங்காளத்திலும் சென்னையிலும் சட்ட வழியாக நடைமுறையில் இருந்து, 1849இல் ஒழிக்கப்பட்டது. முகத்தில் இடப்பட்ட அக்கோடுகளும் ஒருவகை அடையாளச் சித்திரமே. ஆயினும் அச்சித்திரம் அம்மனிதனைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் தெரிவித்தது. அவன் யார் மகன், எவ்வூரினன், என்ன தொழில் அறிந்தவன் என்பனவெல்லாம் விடப்பட்டு, அவன் செய்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட குற்றம் மட்டும் கொள்ளப்பட்டது. எளிய கோட்டின் ஆற்றல் அது எதனை விடுகிறது என்பதில் அடங்கியுள்ளது என்றோம். அங்ஙனமாயின், விடுவது எது, கொள்வது எது என்று முடிவு செய்பவர் யார் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இவ்வினா கலை பற்றியது மட்டுமன்று. வரலாறு பற்றியதும் ஆகும்.

வகைமாதிரியும் நிழற்படமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சாவூர் முதலிய ஊர்களில் இருந்த ஓவியர்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்காகப் படத்தொகுதிகளை வரைந்து கொடுத்தனர். கணவனும் மனைவியுமாக நிற்கும் குயவர், நெசவாளர், வண்ணார், சிப்பாய் எனத் தொழிலாலும் சாதியாலும் பிரிக்கப்பட்ட உருவங்கள் அவற்றில் இடம்பெற்றன. தெளிவான வரைகோடும் நேர்த்தியான வண்ணமும் உடைய அப்படங்களில் முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேறுபடுவன உடையும் கருவியுமே. குயவனைக் குயவனாக்குவது சக்கரம். அவன் முகம் அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிழற்படம் இப்பணியை மேற்கொண்டது. சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனமும் பினாங்கில் ஆகஸ்ட் கௌல்ஃபுஸ் என்னும் ஜெர்மானியரும் நடத்திய படக்கூடங்கள், நகரக் காட்சிகளோடு இங்குள்ள மக்களின் ‘வகை’களையும் படமாக்கி விற்றன. அக்காலத்து அஞ்சலட்டைகளில் தென்னிந்தியர் ‘கிளிங்’ என்ற பொதுப்பெயரால் குறிக்கப்பட்டனர். நிழற்படக் கருவி முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிவு செய்யவல்லது. ஆனால் அத்துணை விவரமும் பதிவான பிறகு அடியில் எழுதப்பட்டது ஒரு பொதுப்பெயர் மட்டுமே. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. விவரம் மிகுவதால் மட்டும் ஒரு படம் ஆளுருவம் ஆகிவிடாது. விவரம் குறைவதால் மட்டும் அது வகைமாதிரியாகவும் ஆகிவிடாது. வரைபவர் ஒருவரிடம் பிறரோடு ஒத்ததைத் தேடுகிறாரா, பிறரினின்று வேறுபட்டதைத் தேடுகிறாரா என்பதே இரண்டுக்கும் இடையிலான கோடு.

அச்சுக்கட்டையும் ஆளுருவும்

இருபதாம் நூற்றாண்டில் தமிழர் உலகில் எளிய கோட்டோவியம் செழித்தமைக்கு அச்சுத் தொழில்நுட்பமும் ஒரு காரணமாகும். கருமையில் வரைந்த கோட்டுச் சித்திரத்தை நிழற்பட முறையில் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கோடில்லாத பகுதிகளை அமிலத்தால் அரித்துவிட்டால், கோடுகள் மேடாக எஞ்சி நிற்கும். இதனை அச்சுத் தொழிலாளர் ‘பிளாக்’ என்பர். எழுத்துகளோடு எழுத்தாக அதனைச் சேர்த்து மை தடவி அச்சிடலாம். நிழற்படத்தையோ நிழல் தீட்டிய ஓவியத்தையோ அச்சிட வேண்டுமாயின் அதனை நுண்புள்ளிகளாகப் பிரித்தாக வேண்டும். மலிவான செய்தித்தாளில் அப்புள்ளிகள் மையை ஈர்த்து ஒன்றோடொன்று கலந்து, முகம் கரிய திட்டாகிவிடும். கோட்டோவியத்திற்கு இத்தொல்லை இல்லை. ஆகவே வறிய அச்சகமும் வறிய தாளும் ஓவியனைச் சிக்கனத்திற்குப் பழக்கின.

மலாயாவில் தமிழ் இதழியலின் தொடக்க வரலாற்றில் பினாங்குக்கும் இடமுண்டு. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 1883இல் ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை இங்கு தொடங்கினார். பின்னர் கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் ‘தமிழ் முரசு’ என நாளேடுகள் பெருகின. இவற்றோடு தமிழகத்து வார, மாத இதழ்களும் கப்பல் வழியாக வந்து இங்குள்ள வாசகர் கைகளை அடைந்தன. அவ்வாறு வந்த இதழ்களே தமிழகக் கோட்டோவியத்தை இத்தீபகற்பத்துத் தமிழருக்கு அறிமுகப்படுத்தின.

அவ்வகையில் முதன்மையாக எண்ணத்தக்கவர் ‘ஆனந்த விகடன்’ இதழில் வரைந்த மாலி ஆவார். எஸ். எஸ். வாசன் 1928இல் அவ்விதழை வாங்கிய பின், 1930களில் அதன் முகமாகவே மாலியின் கோடு விளங்கிற்று. கருநாடக இசைவாணர்களை அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள் இன்றும் பேசப்படுகின்றன. கச்சேரி மேடையில் அமர்ந்த பாடகரை வரைவோன் எதனைக் கொள்வான்? குடுமி, குண்டலம், அங்கவஸ்திரம் ஆகியன அக்காலப் பாடகர் பலர்க்கும் பொதுவானவை. அவற்றை மட்டும் வரைந்தால் ‘பாகவதர்’ என்னும் வகைமாதிரியே கிடைக்கும். மேல்தாயிக்குச் செல்கையில் ஒருவரின் கழுத்து எப்படி நீளும், தாளம் போடும் கை எவ்வளவு உயரும், கண்கள் எப்போது மூடும் என்பவை ஒருவர்க்கே உரியவை. கேலிச்சித்திரக் கலை இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொள்கிறது. நகைப்பு இருப்பினும் அதில் இகழ்ச்சி இல்லாமைக்குக் காரணம், வரைபவர் அம்மனிதரை நெடுநேரம் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது வாசகனுக்குத் தெரிவதுதான். மாலியிடம் பயின்று வளர்ந்து, அவர் இட்ட பெயராலேயே அறியப்பட்ட கோபுலு (1924–2015) இம்மரபை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீட்டித்தார்.

காந்தி என்னும் கோடு

ஒரு மனிதரைச் சில கோடுகளில் நிறுத்தும் முயற்சி இந்தியக் கலையில் உச்சம் கண்டது காந்தியடிகளின் உருவத்தில் எனலாம். 1930இல் தண்டி நடைப்பயணத்தை ஒட்டி, சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட படம் அனைவரும் அறிந்ததே. கரிய பின்புலத்தில் வெண்கோடுகளால் அமைந்த அவ்வுருவில், முன்னோக்கி எடுத்து வைத்த அடியும் ஊன்றிய கோலுமே காந்தியாகின்றன.

தமிழகத்தில் இப்பணியை விரிவாக மேற்கொண்டவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த அவர், சென்னை அரசு கலை, தொழிற் கல்லூரியில் 1960களின் முற்பகுதியில் பயின்றார். அக்கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியின் தொடர்ச்சியாகும். ஆதிமூலம் பயின்ற காலத்தில் கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலியோர் அங்கு ஆசிரியர்களாக விளங்கினர். மேலைநாட்டு நவீன ஓவியத்தை அப்படியே பின்பற்றாமல், நம் நாட்டுக் கலை மரபிலிருந்து நவீனத்தைக் காண வேண்டும் என்று முயன்ற அத்தலைமுறை, கோட்டையே தன் அடித்தளமாகக் கொண்டது. கோயிற் சிற்பத்தின் விளிம்பிலும் வாசற்கோலத்திலும் ஏட்டுச்சுவடியின் எழுத்திலும் அவர்கள் கண்டது கோடுதான்.

காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969ஐ ஒட்டி ஆதிமூலம் அவரைக் கருமையில் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், நூறு படங்கள். சிலவற்றில் கோடுகள் நெருங்கிப் பின்னி உடலின் முதுமையைக் காட்டுகின்றன. சிலவற்றில் தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே நிற்க, மிகச் சில கோடுகளே உருவத்தைத் தாங்குகின்றன. வட்டக் கண்ணாடியும் கோலும் காந்திக்கு நிலைத்த அடையாளங்களாகிவிட்டன. நாணயத்திலும் அஞ்சல்தலையிலும் அலுவலகச் சுவரிலும் அவை ஓயாது காட்டப்பட்டுத் தேய்ந்துபோயின. அந்நிலையில் ஓர் ஓவியர் நூறு முறை மீண்டும் வரைவது, அவ்வடையாளத்திலிருந்து மனிதரை மீட்கும் செயலாகிறது. அடையாளத்தை வரைய ஒரு முறை போதும். மனிதரை வரைய நூறு முறையும் போதாது என்பதே அத்தொகுதி உணர்த்தும் செய்தி என நாம் கொள்ளலாம்.

ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் பரவலாக விற்ற இதழ்களுக்கும் வரைந்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்கு அவர் வரைந்த ஓவியங்கள், கரிசல் நிலத்து மனிதரின் முகங்களைப் பல்லாயிரம் வாசகரிடம் சேர்த்தன. நவீன ஓவியம் கண்காட்சிக் கூடத்திற்கு உரியது என்ற எண்ணத்தை எளிய கோடும் எளிய தாளும் சேர்ந்து மாற்றின.

சென்னையிலிருந்து பினாங்குக்கு

சென்னைக் கல்லூரியின் இக்கோட்டு மரபு பினாங்கோடு தொடர்பற்றது அன்று. மலேசியாவின் குறிப்பிடத்தக்க ஓவியருள் ஒருவராகிய சையத் தாஜுதீன், இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்தவர். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் சென்னை அரசு கலை, தொழிற் கல்லூரியில் பயின்று அவர் நாடு திரும்பினார். இராமாயணக் காட்சியையும் மலாய்க் காவிய மாந்தரையும் காதலரையும் அவர் வரைந்த பெரிய ஓவியங்களில், நீண்ட விழியும் தாழ்ந்த இமையும் கொண்ட பெண்முகங்கள் தொடர்ந்து இடம்பெறுகின்றன. வண்ணம் செறிந்த ஓவியங்களாயினும் அவற்றைத் தாங்குவது ஓடும் வரைகோடே ஆகும். அஜந்தாவிலும் தென்னகச் சுவரோவியத்திலும் காணும் கோட்டின் நெகிழ்ச்சியை அவற்றில் உணரலாம்.

ஆயினும் அம்முகங்கள் குறிப்பிட்ட ஒருவருடைய முகங்கள் அல்ல. அவை இலட்சிய முகங்கள். நெடுநல்வாடை அரசிக்குப் பெயர் இல்லாதது போலவே அப்பெண்டிர்க்கும் பெயர் தேவைப்படுவதில்லை. எனவே, கோட்டுருவம் மூவகைப்படும் என்று நாம் வகுத்துக்கொள்ளலாம். பலர்க்கும் பொதுவானதைக் காட்டுவது வகையுரு. எவரிடத்தும் முழுமையாக அமையாத அழகைக் காட்டுவது இலட்சியவுரு. ஒருவர்க்கே உரியதைக் காட்டுவது ஆளுரு. இப்பகுப்பை மனத்திற்கொண்டு பினாங்கு நகர்ச் சுவர்களை இனி நோக்குவோம்.

சுவரில் வளைந்த கம்பி

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜோர்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அதனைத் தொடர்ந்து பினாங்கு மாநில அரசு 2009இல் நகரின் வரலாற்றை வீதிகளிலேயே அடையாளப்படுத்துவதற்கான போட்டி ஒன்றை நடத்தியது. அதில் வென்ற ‘ஸ்கல்ப்சர் அட் வொர்க்’ என்னும் நிறுவனம், இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திர உருவங்களை முன்மொழிந்தது. தாங் முன் கியான், ரெஜி லீ, பாபா சுவா, லெஃப்டி ஆகிய கேலிச்சித்திரக்காரர்கள் இவற்றுக்குரிய சித்திரங்களை வரைந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் 52 உருவங்கள் நகரின் பல வீதிகளில் நிறுவப்பட்டன. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த வண்ணச் சுவரோவியங்கள் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே இம்முயற்சி தொடங்கிவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கம்பிக் கோட்டுக்கும் தாளின் கோட்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. தூரிகையால் இழுக்கும் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். அழுத்தமும் தளர்வும் கையின் உணர்ச்சியைக் காட்டும். கம்பிக்கோ ஒரே பருமன். ஆகவே அது எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்பனவற்றால் மட்டுமே பேச இயலும். இக்குறையே அதற்கு வலிமையும் ஆகிறது. சுண்ணாம்பு உதிர்ந்த பழஞ்சுவரின் கறையும் விரிசலும் உருவத்தின் உடலாகிவிடுகின்றன. சுவரிலிருந்து சற்றே விலகி நிற்கும் கம்பி, வெயிலில் தன் நிழலை இரண்டாவது கோடாகச் சுவரில் இடுகிறது. காலையில் ஒருபுறமும் மாலையில் மறுபுறமும் அந்நிழற்கோடு நகர்கிறது.

கம்பியால் முகம் வரையும் கலைக்கு உலக அளவில் முன்னோடி அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் ஆவார். 1926ஆம் ஆண்டு முதல் பாரிசில் அவர் மெல்லிய கம்பியை வளைத்து, ஆடலரசி ஜோசபின் பேக்கர் முதலிய பலரின் உருவங்களைச் செய்தார். அவை வெளியில் வரைந்த கோடுகளாகவே அமைந்தன. கால்டரின் அக்கம்பி முகங்கள் ஆளுருக்கள். பெயர் சொல்லி அழைக்கத்தக்க மனிதரை, அவர்க்கே உரிய மூக்கின் வளைவாலும் புருவத்தின் ஏற்றத்தாலும் அவர் காட்டினார்.

பினாங்கின் கம்பி உருவங்களிலும் ஆளுரு இல்லாமலில்லை. உலகறிந்த காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ இந்நகரில் தொழில் பழகியதை நினைவூட்டும் உருவம் அவற்றுள் ஒன்று. கெனன் வீதியில் உள்ள உருவம் 1867ஆம் ஆண்டுக் கலகத்தின்போது பீரங்கிக் குண்டு பாய்ந்ததை நினைவூட்டி அவ்வீதியின் பெயரோடு வரலாற்றை இணைக்கிறது. எனினும் பெரும்பாலானவை பெயரற்ற மாந்தரையே காட்டுகின்றன. திரிஷா வண்டியோட்டி, பணிப்பெண், தெரு வணிகர், கூலியாள் என அவர்கள் தொழிலால் அறியப்படுகின்றனர். உருவத்தின் அருகே நகைச்சுவையான ஆங்கில வாசகம் அமைந்து, எஞ்சிய விளக்கத்தைத் தருகிறது.

ஆளும் வகையும்

இவ்வுருவங்கள் தஞ்சைப் படத்தொகுதியின் வழிவந்தவை என்று கூறி நாம் ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு கூறுவது நியாயமன்று. அன்றைய படத்தொகுதி ஆட்சியாளர் வீட்டு மேசைமேல் இருந்தது. இன்றைய கம்பி உருவம் அம்மக்கள் உழைத்த வீதியிலேயே நிற்கிறது. அன்று வரைந்தோர் கேட்டுப் பெற்ற வாடிக்கையாளருக்காக வரைந்தனர். இன்று வரைந்தோர் இந்நாட்டுக் கேலிச்சித்திர மரபில் வந்தவர்கள். தம் ஊர் மாந்தரைத் தாமே நகைத்து நேசிக்கும் உரிமை உடையவர்கள்.

மேலும், வகையுருவுக்கும் தனக்கே உரிய மாண்பு உண்டு. பினாங்கின் புகழ்பெற்ற நாசி கண்டாரை எண்ணிப் பார்ப்போம். தமிழ் முஸ்லிம் வணிகர் தோளில் தடியைத் தாங்கி, இருமுனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சென்று விற்றதிலிருந்தே அவ்வுணவு பெயர் பெற்றது. அவ்வணிகரை வரைய முனைபவர்க்கு ஒரே ஒரு வளைகோடு போதும். தடி எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு சுமை. அதன் கீழ் முழங்கால் எவ்வளவு மடிகிறதோ அவ்வளவு தூரம் அவர் நடந்திருக்கிறார். முகமே வரையாவிடினும் உழைப்பு முழுவதும் அங்கு வந்துவிடுகிறது. ஆயிரம் பேர் சுமந்த சுமையை ஒரு கோட்டில் சொல்ல வகையுருவால் மட்டுமே இயலும்.

ஆயினும் குறை ஒன்று எஞ்சுகிறது. நெற்றிப் பச்சை அம்மனிதனைக் குற்றத்தால் அறிவித்தது. படத்தொகுதி அவனைச் சாதியால் அறிவித்தது. அஞ்சலட்டை அவனைப் பொதுப்பெயரால் அறிவித்தது. தொழிலுரு அவனைச் சுமையால் அறிவிக்கிறது. இவற்றுள் இறுதியானது பிற மூன்றினும் மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் நான்கிலும் அவன் பெயர் இல்லை. தமிழகத்தில் மாலியும் கோபுலுவும் ஆதிமூலமும் கோட்டை வகையிலிருந்து ஆளுக்கு நகர்த்தினர். பினாங்குத் தமிழரைப் பொறுத்தவரை அந்நகர்வு இன்னும் முழுமை பெறவில்லை.

இதற்குரிய மாந்தர் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு காதிர் முகையதீனின் பெயர் இணைந்துள்ளது. நாவலரின் பெயர் இதழியல் வரலாற்றில் நிற்கிறது. 1833இல் குயின் வீதியில் எழுந்த மாரியம்மன் கோயிலைக் கட்டிக் காத்தோர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், துணி வெளுத்தோர், அஞ்சடியில் சிறுகடை வைத்தோர், தமிழ்ப்பள்ளிகளில் எழுத்தறிவித்தோர் எனப் பெயருடைய மாந்தர் எண்ணற்றோர். அவருள் பலர்க்கு நிழற்படமும் இல்லை. இருப்பனவும் மங்கிப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன.

இங்குதான் எளிய கோடு மீண்டும் உதவிக்கு வருகிறது. மங்கிய நிழற்படத்தில் எஞ்சுவன பெரும்பாலும் தலையின் வடிவமும் தோளின் சாய்வும் நின்ற நிலையுமே. கோட்டோவியனுக்கு வேண்டுவனவும் அவையே. உயிரோடிருக்கும் முதியோரை வரைவதோ அதனினும் எளிது. ஒரு தாளும் பேனாவும் சற்று நேரப் பொறுமையும் இருந்தால் போதும். தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டனையோ பாட்டியையோ எதிரில் அமர்த்திச் சில கோடுகளில் வரைந்து, அடியில் பெயரையும் பிறந்த ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தால், அது கலைப் பயிற்சியாகவும் வரலாற்று ஆவணமாகவும் ஒருங்கே அமையும். வரைவதற்காக ஒருவரை உற்றுப் பார்க்கும்போது கேட்கப்படும் வினாக்களும் சொல்லப்படும் விடைகளும் அதனினும் பெரிய ஆவணமாகக்கூடும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உருவப்படத்தில் எளிய கோட்டின் ஆற்றல் அதன் சிக்கனத்தில் அடங்கியுள்ளது என்பதும், அச்சிக்கனம் தானே நன்மையோ தீமையோ ஆவதில்லை என்பதும் விளங்கும். நெடுநல்வாடைப் புலவர் கண்ட புனையா ஓவியத்தில் அது ஒரு பெண்ணின் துயரைத் திறந்து காட்டிற்று. கைதியின் நெற்றியில் அது ஒரு வாழ்வை மூடி மறைத்தது. படத்தொகுதியில் ஒருவனைப் பலருள் கரைத்தது. ஆதிமூலத்தின் கையில், பலமுறை காட்டப்பட்டுத் தேய்ந்த ஓர் உருவை மீண்டும் ஒரு மனிதராக்கிற்று. பினாங்கின் கம்பி உருவங்களில் அது உழைப்பை நகரின் நினைவில் நிறுத்தியுள்ளது.

அடுத்து வேண்டுவது பெயர். பினாங்கின் தமிழ் முதியோரைப் பெயரோடும் முகத்தோடும் கோட்டில் பதிவு செய்யும் பணி, ஓவியர்க்கும் வரலாற்று ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் பொதுவானது. இரும்புக் கம்பியும் அரசு நிதியும் கிட்டும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் நலம்.